மணி அடித்த சனிக்கிழமை: தம்பி லைலுக்கு ஒரு விளக்கம்

ஹாலம் ஃபால்ஸ், விஸ்கான்சின்
அக்டோபர் 1983

சிகாகோ மாநகரில் பெரிய கம்பெனியில் பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என் அருமைத் தம்பி லைலுக்கு, அதே ஹாலம் ஃபால்ஸில், அதே முடிதிருத்தும் கடையில், இன்னும் நின்றுகொண்டே வேலை பார்க்கும் அண்ணன் ஆர்வில் டாலஃப்சன் எழுதுவது. நீ, மார்லிஸ், ஜோலீன் மூவரும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம், வெர்னா சுகம், என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை. அது ஏன் என்று பின்னால் வரும்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கத்திய கத்தலில் எனக்கு மூன்று விஷயம் புரிந்தது. உன் மனைவி உள்ளங்கை முழுக்கக் கொப்புளத்தோடும் தொண்டை கட்டியும் வீடு வந்து சேர்ந்தாள். உன் மகள் தீயணைப்பு வண்டியின் மேல் உட்கார்ந்து ஊர்வலம் போனாள். உன் அண்ணனுக்குப் பைத்தியம் முற்றிவிட்டது. முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதற்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், நீ டொக்கென்று வைத்துவிட்டாய். அதனால்தான் கடிதம். கடிதத்தை யாரும் நடுவில் துண்டிக்க முடியாது. நீ பாதியில் தூக்கிப் போட்டாலும் எனக்குத் தெரியப் போவதில்லை, நான் பாட்டுக்குச் சொல்லி முடித்திருப்பேன்.

"அந்த ஊர்ல அப்படி என்னதான் இருக்கு, ஒரே ஒரு சிக்னல் விளக்கு" என்று நீ சொன்னாய் பார், அது தப்பு. அந்த விளக்கு ஜூன் மாதமே கெட்டுப்போய்விட்டது. விளக்கே இல்லாமல் நாங்கள் ஒருவரை ஒருவர் "நீங்க போங்க", "இல்ல நீங்க போங்க" என்று சொல்லி அழகாக ஓட்டிக்கொண்டிருக்கிறோம். சிகாகோவில் இது நடக்குமா? சரி, அதை விடு. எனக்கு உன் மகள் இங்கே வந்து படிக்க வேண்டும் என்று ஆசை. அதற்கு நான் பெரியப்பன் என்பது பாதிக் காரணம்தான். கல்லூரியில் இந்த வருஷம் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். அடுத்த வருஷமும் இப்படியே இருந்தால் நம் கல்லூரியைப் பக்கத்து ஊர் வாக்கர்டன் கல்லூரியோடு சேர்த்துவிடலாம் என்று நிர்வாகக் குழுவில் பேச்சு அடிபடுகிறது. வாக்கர்டனோடு! இதைக் கேட்ட அன்று ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு பக்கத்துக் கிருதாவை முழுசாக எடுத்துவிட்டேன். நல்ல மனுஷன், இன்னொரு பக்கத்தையும் எடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

இனி சனிக்கிழமை. மார்லிஸும் ஜோலீனும் கல்லூரியைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள். அவர்களோடு இன்னும் ஐந்து குடும்பம். நானும் வெர்னாவும் சும்மா துணைக்குத்தான் போனோம். உன் மகள் இரண்டு காதிலும் பாட்டுக் கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டு, பல் பிடுங்க வந்தவள் மாதிரி நின்றாள். கல்லூரியைச் சுற்றிக் காட்ட கர்ட்டிஸ் என்று ஒரு பையன், இரண்டாம் வருஷ மாணவன், நெப்ராஸ்கா பக்கம். கூட்டத்தைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்துகொண்டு பேசுவான். அது அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பயிற்சி. நல்ல பையன்தான், ஆனால் வரலாறு என்று வந்துவிட்டால் நான் என்ன செய்வது, சொல்.

நிறுவனர் சிலைக்கு முன்னால் நின்று, "பாதிரியார் ஹாலம் இந்த எடத்தோட அழகப் பாத்து அப்படியே மயங்கிப்போய், இங்கதான் கல்லூரி கட்டணும்னு முடிவு பண்ணினாரு" என்றான்.

"தப்பு!" என்றேன்.

"சார்?"

"அழகாவது ஒண்ணாவது. வண்டி சேத்துல மாட்டிக்கிச்சு."

"ஆர்வில், வாய வச்சிக்கிட்டு சும்மா இரு" என்றாள் வெர்னா. ஆனால் கூட்டத்துக்குக் கதை பிடித்துவிட்டது, அது முகத்திலேயே தெரிந்தது. சொன்னேன். நீயும் இருபது வருஷத்தில் மறந்திருப்பாய், கேட்டுக்கொள். பாதிரியார் போய்க்கொண்டிருந்தது வாக்கர்டனுக்கு. அங்கே கல்லூரி கட்ட நிலமெல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. மாட்டு வண்டியில் நானூறு புத்தகம், ஒரு வெண்கல மணி, ஒரு மனைவி. அருவிக்கரைச் சேற்றில் வண்டி அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. பாதிரியார் ஜெபம் பண்ணிப் பார்த்தார், மாட்டைத் திட்டிப் பார்த்தார், பிறகு திட்டியதற்காக ஜெபம் பண்ணிப் பார்த்தார். வண்டி அசையவில்லை. கடைசியில் அந்த அம்மாள் இறங்கி ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, "ஆண்டவருக்கு இந்த எடந்தான் புடிச்சிருக்கு போல. எனக்கும் முதுகு வலிக்குது" என்றாளாம். கல்லூரி இங்கே வந்தது இப்படித்தான். வாக்கர்டன்காரர்கள் இன்றைக்கும் நம் சேற்றைத் திருட்டுச் சேறு என்கிறார்கள். சிலை கையை நீட்டிக்கொண்டு நிற்கும் திசை வாக்கர்டன் என்பதால், "பாரு, ஒங்க ஆளே எங்க ஊரத்தான் காட்டறாரு" என்று கேலி வேறு. அவர் அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று எச்சரிக்கிறார் என்பது அவர்களுக்கு இதுவரை உறைக்கவில்லை.

வாத்துக்குளத்தின் கரையில்தான் அடுத்தது நடந்தது. கர்ட்டிஸ் பின்பக்கமாக நடந்தபடியே, "நம்ம ஃபுட்பால் அணி வாக்கர்டன கடைசியா ஜெயிச்சது அறுபத்தெட்டுல" என்றான். நான் அவனைத் தள்ளவில்லை, தம்பி. யார் என்ன சொன்னாலும் நம்பாதே. "தப்பு! அறுபத்தொம்பது!" என்று மட்டும்தான் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம். பையன் திடுக்கிட்டு ஒரு அடி அதிகமாக வைத்துவிட்டான். வாத்துகள் ஒதுங்கி அவனுக்கு இடம் கொடுத்தன. கணுக்கால் சுளுக்கு, வேறொன்றுமில்லை. வெர்னா அவனை நம் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், என் உடுப்பைப் போட்டுவிட்டு, பட்டாணி சூப் கொடுத்துப் படுக்க வைத்தாள். போகும்போது என்னைப் பார்த்து, "ஒரு நாள், ஒரே ஒரு நாள் ஒன்னால சும்மா இருக்க முடியாதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பதில் அவளுக்கே தெரியும்.

இப்போது யோசித்துப் பார். ஆறு குடும்பம், வெளியூர்க்காரர்கள், குளக்கரையில் திக்குத் தெரியாமல் நிற்கிறார்கள். கல்லூரியின் எதிர்காலமே அவர்கள் கையில் இருக்கிறது. இந்த ஊரில் பிறந்து, மூன்று கல்லூரி முதல்வர்களின் பின்கழுத்தைச் சிரைத்த ஒருவன் பக்கத்தில் நிற்கிறான். அவன் வீட்டுக்குப் போய்விட வேண்டுமா? "வாங்க என்கூட" என்றேன். நானும் பின்பக்கமாகவே நடந்தேன், அதுதான் முறை போலிருக்கிறது என்று. நூலகத்து வாசலில் நிறுத்தியிருந்த சைக்கிள்கள் மேல் விழுந்தேன். முழங்கால் விஷயம் இதுதான்.

அருவிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மில்வாக்கியிலிருந்து மகனோடு வந்த ஒருவர், பீர் ஆலையில் மேலாளராம், பாலத்தில் நின்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அருவி எங்கங்க?" என்று கேட்டார். "நீங்க அதுக்கு மேலதாங்க நிக்கறீங்க" என்றேன். நம் அருவி முழங்கால் உயரம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதில் விழுந்து ஒருத்தர்கூடச் செத்ததில்லை. நயாகராவால் அப்படி மார்தட்டிக்கொள்ள முடியுமா? அங்கிருந்து என் கடை. மாகாண ஆளுநர் ஒருவர் உட்கார்ந்த நாற்காலியைக் காட்டினேன். மழைக்கு ஒதுங்கினவர், முடி வெட்டிக்கொள்ளவில்லை, வெட்ட அவருக்கு முடியும் இல்லை. ஆனால் உட்கார்ந்தார். பிறகு உயிரியல் கூடத்தில் இருக்கும் பாடம் செய்த காட்டெருமை. அதன் மூக்கைத் தேய்த்துவிட்டுத் தேர்வு எழுதினால் பாஸ் என்று நூறு வருஷமாகத் தேய்த்துத் தேய்த்து இப்போது மூக்கே இல்லை. உன் மகள் அதன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மார்லிஸ்தான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தாள். நூலகம் எத்தனை மணிக்கு மூடும், நிலவியல் பாடம் யார் எடுக்கிறார், கல்லூரிக் கடையில் பழைய புத்தகம் கிடைக்குமா. ஒரு தாய் மகளுக்காக எவ்வளவு அக்கறைப்படுகிறாள் என்று நினைத்து எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நீயும் வந்திருக்க வேண்டும்.

கடைசியாக மணிக்கூண்டு. மேலே ஏறினால் ஊர் முழுவதும் தெரியும், மரமெல்லாம் சிவந்து மஞ்சளாகி, தானியக் குதிர்களுக்கு அப்பால் ஏரி பளபளத்துக்கொண்டு. அன்றைக்குப் பார்த்திருந்தால் நீ இன்ஷூரன்ஸ் வேலையை விட்டிருப்பாய். எல்லாரும் மேலே வந்து சேர்ந்ததும் கீழே கதவு டமாலென்று சாத்திக்கொண்டது. அந்தக் கதவு உள்ளிருந்து திறக்காது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஞாபகம்தான் வரவில்லை.

கத்தினோம். கைகளை ஆட்டினோம். கீழே போனவர்கள் அத்தனை பேரும் நின்று, சிரித்து, திரும்பக் கை ஆட்டிவிட்டுப் போனார்கள். ஒருவர்கூட மரியாதைக் குறைவாக நடக்கவில்லை. ஒரு வாத்தியார் தொப்பியை எடுத்தே ஆட்டினார். இதை வெளியூர்க்காரர்களுக்குச் சுட்டிக்காட்டினேன். மில்வாக்கிக்காரர் ரசிக்கிற நிலையில் இல்லை. காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். நம் ஊரில் காபி நிறைய ஊற்றுவார்கள் என்பது உனக்குத் தெரியும்.

அப்போதுதான் மார்லிஸ் மணிக்கயிற்றைப் பார்த்தாள்.

"ஆர்வில், இத இழுத்தா என்ன ஆகும்?"

"ஐயோ, அதத் தொடாத. நாம வாக்கர்டன ஜெயிச்சா மட்டுந்தான் அந்த மணிய அடிக்கணும். பதினாலு வருஷமா யாரும் தொட்டதில்ல. அதுவும் இன்னைக்குப் போய்! இன்னைக்கு வாக்கர்டன்ல ஆட்டம் நடக்குது."

"அடிச்சா என்ன ஆகும்னுதான் கேட்டேன்."

"என்ன ஆகுமா? ஊரே ஓடி வரும்."

"நமக்கு வேண்டியதும் அதானே?" என்றாள் உன் மனைவி. கையுறையைக் கழற்றிப் பையில் போட்டாள். இழுத்தாள்.

தம்பி, அந்தச் சத்தத்தை நீ சின்ன வயதில் கேட்டிருக்கிறாய். எனக்கு மயிர் சிலிர்த்துவிட்டது. மார்லிஸ் ஒரு தடவையோடு நிறுத்துவாள் என்று பார்த்தால் நிறுத்தவில்லை. தலைமுடி கலைந்து, முகம் சிவந்து, கயிறு மேலே இழுக்கும்போது கால் தரையைவிட்டுக் கிளம்ப, சின்னப் பெண் மாதிரிச் சிரித்துக்கொண்டு இழுத்தாள். ஜோலீன் முதல் முறையாகக் காதிலிருந்து அந்தக் கருவியைக் கழற்றினாள். "அம்மாவுக்கு என்னாச்சு பெரியப்பா?" என்றாள். பிறகு அவளும் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

நம் ஊர் வானொலி அந்த ஆட்டங்களை ஒலிபரப்புவதை எப்போதோ நிறுத்திவிட்டது. தோல்வியைக் கேட்பதற்கு விளம்பரம் கொடுக்க யாரும் முன்வரவில்லை. ஆகவே மணி அடித்தால் ஜெயித்தோம் என்று அர்த்தம், அவ்வளவுதான். முதலில் ஒரு ஜன்னல் திறந்தது. பிறகு எல்லா ஜன்னலும். மேலேயிருந்து பார்த்தேன் லைல், தேவாலயத்திலிருந்து கல்யாணப் பெண்ணே வெள்ளை உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறாள், பின்னால் மாப்பிள்ளை. வாத்தியக் குழு வந்துவிட்டது. நம் ஹெர்மன் க்ளூக், பேக்கரியும் அவன்தான், தன்னார்வத் தீயணைப்புப் படைத் தலைவனும் அவன்தான், மாவு படிந்த ஏப்ரனோடு தீயணைப்பு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து கதவைத் திறந்தான். மில்வாக்கிக்காரர் அவனைத் தாண்டி அம்பு போலப் போனார். ஹெர்மன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"டேய் ஆர்வில்! ஜெயிச்சுட்டோம்டா! எங்கப்பா இருந்து பாத்திருக்கணும்டா!" அழுகிறான்.

"ஹெர்மன், நான் சொல்றதக் கேளு..."

"ஒண்ணும் சொல்லாத. சாப்பிடு" என்று வாயில் ஒரு டோனட்டைத் திணித்துவிட்டான்.

ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். சொன்னேன்! தபால்காரரிடம் சொன்னேன், அவர் முத்தம் கொடுத்தார். கல்யாணப் பெண்ணின் அப்பாவிடம் சொன்னேன், அவர் பீர் கொடுத்தார். அதற்குப் பிறகு யாரிடம் சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. தெருவில் அடுப்புகள் வந்துவிட்டன, தொத்திறைச்சி புகைகிறது, சீஸ் பொரிகிறது, ஜோலீன் தீயணைப்பு வண்டியின் மேல் உட்கார்ந்து மணியை ஆட்டிக்கொண்டு போகிறாள். தலைக்கவசம் போட்டிருந்தாள் என்பதைக் குறித்துக்கொள். வெர்னா மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்து, "நீதானே?" என்றாள். "மார்லிஸ்" என்றேன். வெர்னா என் கையிலிருந்த பீரை வாங்கி ஒரே மடக்கில் குடித்தாள்.

அப்போது விளையாட்டு வீரர்களின் பஸ் வந்தது.

முப்பத்தெட்டு, பூஜ்யம். பூஜ்யம் நாம். தெரு முழுக்க ஜனம் நிற்பதைப் பார்த்துப் பயிற்சியாளர் தன்னை அடிக்கத்தான் காத்திருக்கிறார்கள் என்று நினைத்து, பஸ் கதவைத் திறக்கவே விடவில்லை. ஜன்னலை விரல் அளவுக்கு இறக்கி, "அடுத்த வருஷம் பாருங்க, அடுத்த வருஷம்!" என்றார். விஷயம் முன்வரிசைக்குப் புரிந்தது. அப்புறம் அடுத்த வரிசைக்கு. அப்படியே அலை மாதிரி கடைசி வரைக்கும் போய் ஊரே ஓய்ந்துவிட்டது. வாத்தியக் குழுவில் டியூபா என்கிற பெரிய குழலை ஊதுகிற கிழவருக்கு மட்டும் காது கொஞ்சம் மந்தம், அவர் வெற்றிப் பாட்டைத் தனியாக ஊதிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாமா என்றிருந்தது. கல்லூரியும் போச்சு, ஜோலீனும் போச்சு, இனி இந்த ஊரில் என்னிடம் யார் முடி வெட்டிக்கொள்ள வருவார்கள்?

ஹெர்மன் பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. பஸ்ஸின் தகரத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான்.

"முந்நூறு டோனட் சுட்டாச்சு. அத மறுபடி மாவாக்க எனக்குத் தெரியாது. எறங்குங்கடா, சாப்பிடுங்க!"

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. ஆனால் இறங்கின ஒவ்வொரு பையனையும் ஊர் தோளில் தூக்கிக்கொண்டது. முப்பத்தெட்டுக்குப் பூஜ்யம் தோற்ற பிள்ளைகளை! மூக்கில் பிளாஸ்திரி ஒட்டின ஒரு ஒல்லிப் பையன், பந்தை எறிகிறவன், ஹெர்மன் தோளில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுகிறான். "நாங்க தோத்துட்டோம் சார், நெசமாவே தோத்துட்டோம்" என்கிறான். ஹெர்மன், "தெரியும்டா. தலையக் குனிஞ்சிக்கோ, வெளக்குக் கம்பம் வருது" என்று சொல்லிக்கொண்டே நடக்கிறான். கல்யாணப் பெண் பயிற்சியாளரோடு நடனம் ஆடினாள். லைல், சிகாகோவில் ஜெயித்தவர்களைத் தூக்கிக்கொண்டு போவார்கள், அதற்கு ஊர் எதற்கு, யார் வேண்டுமானாலும் தூக்குவார்கள். உன் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் நூறு சிக்னல் விளக்கு தெரியலாம். இதைப் பார்க்க முடியுமா?

பின்விளைவுகளையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். கல்லூரியில் பிள்ளைகளைச் சேர்க்கும் பிரிவுக்குத் தலைமை மிஸ் ஃபென்விக். மறுநாள் என் கடைக்கே வந்து, "மிஸ்டர் டாலஃப்சன், ஒங்க காலடி இனிமே கல்லூரிக்குள்ள படக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். கல்லூரி எல்லை என் கடைக்கு எதிர்ச் சாரியில் முடிகிறது, ஆகவே நான் இந்தப் பக்கம் நின்றே வரலாறு சொல்லலாம், குரல் போதும். மில்வாக்கிக்காரர் நேற்று மகனுக்கு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறார். இன்னும் மூன்று குடும்பம் இடம் கேட்டுக் கல்லூரிக்குப் போன் பண்ணியதாம்.

ஆகவே தம்பி, அண்ணனாகக் கேட்கிறேன், தயங்காதே. உன் மகளை இங்கே அனுப்பு. அவளுக்கு எங்கள் மாடி அறையை ஒழித்து வெள்ளை அடித்தாகிவிட்டது. மகளைப் பிரிந்து எப்படி இருப்பது என்று உனக்கு இருக்கும். பழகிவிடும். மகள் வயதில் ஒருத்திக்கு இரவெல்லாம் உட்கார்ந்து படிக்க, நாலு பேரோடு பேசிச் சிரிக்க, தன் காலில் நிற்க ஒரு இடம் வேண்டாமா? மகள் என்றைக்கும் உன் கண் முன்னாலேயே உனக்குக் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டே இருக்க முடியுமா? மணிக்கூண்டில் உன் மகள் முகத்தை நீ பார்த்திருந்தால் இப்படிக் கத்தியிருக்க மாட்டாய். பையன்கள் விஷயத்தில் பயப்படாதே, எல்லாரும் என்னிடம்தான் முடி வெட்டிக்கொள்கிறார்கள், கத்தி என் கையில்தான் இருக்கிறது.

ஆண்டவர் உனக்கு நல்ல உடம்பையும் நிதானமான ரத்த அழுத்தத்தையும் கொடுக்கட்டும். மார்லிஸின் கைக்கு வெர்னா ஒரு களிம்பு அனுப்பியிருக்கிறாள், மாட்டு மடிக்குப் போடுவதுதான், நன்றாகக் கேட்கும். ஜோலீனுக்கு என் முத்தங்கள். கர்ட்டிஸ் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறான், கணுக்கால் எப்போதோ சரியாகிவிட்டது, சூப்புதான் காரணம். அவனும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னான்.

உன் அன்பு அண்ணன்,
ஆர்வில்

பி.கு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் மார்லிஸ் போன் பண்ணினாள். ஜோலீன் சிகாகோவிலேயே, வீட்டிலிருந்தே படிக்கப் போகிறாளாம், முடிவு செய்துவிட்டாளாம். இங்கே விண்ணப்பம் போட்டது மார்லிஸ். உன்னைக் கட்டிக்கொள்வதற்காக இரண்டாம் வருஷத்தோடு நிறுத்தின படிப்பை முடிக்கப் போகிறாளாம். மிஸ் ஃபென்விக் சம்மதித்துவிட்டார், ஜனவரியில் வருகிறாள். உன்னிடம் இன்னும் சொல்லவில்லையாம், எப்படிச் சொல்வது என்று தெரியவில்லையாம். கவலைப்படாதே, நான் எழுதிவிட்டேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். மேலே நான் "மகள்" என்று எழுதியிருக்கும் இடத்திலெல்லாம் "மனைவி" என்று மாற்றிப் படித்துக்கொள். மற்றபடி ஒரு எழுத்தும் மாற்ற வேண்டியதில்லை.